திரியாயின் கேசதாதுவும் உதிரும் மயிரும்: கடும் மயிரிழப்பின் ஓமோனியல், தன்னிர்ப்பீடனவியல் அடிப்படைகள் பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கரையோரமாக வடக்கு நோக்கிச் சென்று, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து புல்மோட்டையை அடையும் பாதையில், 40 கிலோமீற்றருக்கும் அப்பால் அமைந்துள்ள பழந்தமிழ்க் கிராமம் திரியாய். வயலும் காடும் கடலும் அடுத்தடுத்து அமைந்த இவ்வூரின் குன்றொன்றின்மீது, கற்றூண்கள் வட்டமாகச் சூழ நிற்கும் பழைய பௌத்த தூபி ஒன்று உளது. அண்மையிற் பாறையிற் பொறிக்கப்பட்டுள்ள சாசனம் வடமொழியில் அமைந்தது. அதன் எழுத்தோ தென்னிந்தியப் பல்லவர் காலக் கிரந்த எழுத்தை ஒத்தது. கி. பி. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளைச் சார்ந்ததெனக் கொள்ளப்படும் இச்சாசனத்தைப் பேராசிரியர் பரணவிதான பதிப்பித்துள்ளார். திரபுஸ்ஸகர், வல்லிகர் என்னும் வணிகரின் பெயர்கள் இதிற் குறிக்கப்படுகின்றன. புத்தர் ஞானம் பெற்றபின் அவருக்கு முதலில் உணவளித்து முதல் இல்லறச் சீடராகிய வணிகர் இருவருக்கும் அவர் தமது தலைமயிரிற் சிலவற்றைக் கொடுத்தார் என்பதும், அம்மயிர் வைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று திரியாய் என்பதும் மரபுவழி நம்பிக்கை. அதே வணிகர், அதே மயிர் என்ற கதையை இரங்கூனின் சுவேடகொன் தூபிக்கும் கூறுவர். பல்க் பிரதேசத்தில் இவ்வணிகர் எழுப்பிய தூபிகளைப் பற்றிச் சீன யாத்திரிகரான யுவான் சுவாங் குறித்துள்ளார்.

இக்கதையின் வரலாற்று உண்மையை ஆராய்வது இங்கு எமது நோக்கமன்று. ஒருவர் தலையினின்று நீங்கிய மயிர் தூபி எழுப்பத்தக்க புனிதப் பொருளாக ஓரிடத்தில் மதிக்கப்படுகின்றது; தலையினின்று வீழ்ந்த மயிரை இழிவுக்கு உவமையாகத் திருக்குறளின் மானம் என்னும் அதிகாரம் ஆள்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையில் வாழ்பவர்கள்தாம் மயிரை உண்மையில் இழக்கும் மனிதர்கள். அவர்களைப் பற்றியே இக்கட்டுரை பேச முற்படுகின்றது.

சொல்லைப் பற்றி ஒன்று கூறிவிட்டு அப்பாற் செல்வோம். தமிழகத்தில் வசையாகிவிட்ட 'மயிர்' என்ற சொல் ஈழத்துத் தமிழிற் பெருமளவுக்கு அதன் இயல்பான பொருளிலேயே வழங்குகின்றது. 'தலைமயிர்' என்று கூற இங்கு எவரும் கூசுவதில்லை. ஆகவே நாமும் அச்சொல்லையே ஆள்கின்றோம். பெண்ணின் கூந்தலுக்கு 'ஐம்பால்' எனத் தனிப்பெயர் வைத்ததும், அதன் மணம் இயற்கையா செயற்கையா என்று இறைவனையும் நக்கீரரையும் வாதிட வைத்ததும் இதே மொழிதான். இத்தகைய பண்பாட்டில் இருபது வயதுப் பெண்ணொருத்தியின் தலை சில மாதங்களில் வெறுமையாகுமாயின் அவள் எதனை இழக்கின்றாள் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. விரித்துரைக்க வேண்டியது அது ஏன் நிகழ்கின்றது, அதற்கு என்ன செய்யலாம் என்பவையே.

மயிரின் வாழ்க்கை

மனிதத் தலையில் ஏறத்தாழ 100,000 மயிர்ப்புடைப்புகள் உள. வெளியே தெரியும் மயிர் உயிரற்ற கெரற்றின் புரதம். உயிருள்ள பகுதி தோலினுள் அமைந்துள்ள புடைப்பும் அதன் அடியிலுள்ள குமிழுமே. ஒவ்வொரு புடைப்பும் தனக்கெனத் தனியானதொரு காலச் சக்கரத்திற் சுழல்கின்றது. இரண்டிலிருந்து ஆறு ஆண்டுகள் வரை வளர்ச்சிப் பருவம். இரண்டு மூன்று வாரங்கள் ஒடுங்கும் பருவம். மூன்று மாதமளவில் ஓய்வுப் பருவம். அதன்பின் பழைய மயிர் உதிர, புதியது தோன்றும். ஆரோக்கியமான தலையில் நூற்றுக்கு 85 தொடக்கம் 90 வரையான புடைப்புகள் வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் வரை உதிர்வது நோயன்று. சக்கரம் சுழல்வதன் அடையாளமே.

புடைப்பின் நடுப்பகுதியில், மேடு போன்ற ஓரிடத்தில், அதன் மூலக்கலங்கள் உறைகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் குமிழ் புதிதாக உருவாவது இவற்றினின்றே. நோய் குமிழைத் தாக்குகின்றதா, மூலக்கலங்களையே அழிக்கின்றதா என்பதைப் பொறுத்தே மயிர் மீளுமா மீளாதா என்பது தீர்மானிக்கப்படும். ஒரு வகைத் தோல் லூப்பஸ் நோயிலும் அதனை ஒத்த சில அழற்சி நோய்களிலும் மூலக்கலங்கள் அழிந்து, தோல் தழும்பாகிப் பளபளக்கும். அங்கு மயிர் மீள்வதில்லை. ஆகவே தழும்பு தோன்றுமுன் அந்நோய்களைத் தடுத்து நிறுத்துவது அவசரமான காரியம். கீழே நாம் கூறப்போகும் ஏனைய நோய்களில் புடைப்பு உயிருடனேயே உள்ளது.

ஓமோன்களின் பங்கு

விதைநீக்கப்பட்ட ஆடவருக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைப் பண்டைய கிரேக்கரே கண்டிருந்தனர். அதனை ஆய்வாக்கியவர் அமெரிக்க உடற்கூற்றியலாளரான ஜேம்ஸ் ஹமில்ற்றன். பருவமடையுமுன் விதைகளை இழந்தவர்களின் தலைமயிர் நிலைத்திருப்பதையும், அவர்களுக்கு ஆண் ஓமோனான தெஸ்தொஸ்தரோனைக் கொடுத்தபோது குடும்பத்தில் வழுக்கையுடையோருக்கு அது தோன்றியதையும் 1942 இல் அவர் வெளியிட்டார். ஓமோன் மாத்திரம் போதாது, பரம்பரையும் வேண்டும். பரம்பரை மாத்திரமும் போதாது, ஓமோனும் வேண்டும். இந்த இரட்டை நிபந்தனை இன்றும் மாறவில்லை.

அடுத்த படி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. டொமினிக்கன் குடியரசின் சிற்றூரொன்றில், பிறக்கும்போது பெண் குழந்தைகளெனக் கருதப்பட்டுப் பருவமடைகையில் ஆணுருவம் பெறும் பிள்ளைகளைப் பற்றி ஜூலியன் இம்பெறாற்றோ மக்கின்லி என்ற பெண் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் 1974 இல் எழுதினர். தெஸ்தொஸ்தரோனை டைஹைட்ரோதெஸ்தொஸ்தரோன் என்னும் வலிய வடிவமாக மாற்றும் நொதியம் இவர்களுக்குப் பிறப்பிலேயே குறைவு. இவர்கள் வளர்ந்தபோது புரோஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது. தலையில் வழுக்கையும் விழவில்லை. ஏழைக் கிராமமொன்றின் பிள்ளைகளைப் பற்றிய இந்த அவதானத்தினின்றே அந்நொதியத்தைத் தடுக்கும் பினஸ்டெரைட் என்ற மருந்து பிறந்தது. 1992 இல் புரோஸ்டேட் வீக்கத்துக்கும், 1997 இல் 1 மில்லிகிராம் அளவில் ஆண் வழுக்கைக்கும் ஐக்கிய அமெரிக்காவில் அது அனுமதிக்கப்பட்டது.

இங்கு வியப்புக்குரிய முரணொன்று உண்டு. ஒரே ஓமோன் தாடியையும் மீசையையும் தடிக்கச் செய்கின்றது. உச்சியில் உள்ள புடைப்புகளையோ சுற்றுக்குச் சுற்று சிறுக்கச் செய்து பூனைமயிராக்கி விடுகின்றது. பிடரியிலுள்ளவை அதனைப் பொருட்படுத்துவதே இல்லை. ஓமோன் ஒன்றாயினும் அதனை ஏற்கும் வாங்கிகளும் அவ்விடத்துக் கலங்கள் இயக்கும் பரம்பரையலகுகளும் வேறு. பிடரி மயிரைப் பெயர்த்து முன்னே நடும் சத்திரசிகிச்சை பயனளிப்பதும் இதனாலேயே. நடப்பட்ட மயிர் தன் பிறந்த மண்ணின் குணத்தை மறப்பதில்லை.

மினொக்சிடிலின் வரலாறு இதனினும் எளியது. குருதியமுக்கத்தைக் குறைக்க 1979 இல் வந்த மாத்திரை அது. உட்கொண்டவர்களின் உடலெங்கும் மயிர் முளைத்தமை பக்கவிளைவாகப் பதியப்பட்டது. அப்பக்கவிளைவே 1988 இல் தலையிற் பூசும் மருந்தாயிற்று. இன்று சிறிய அளவில் உட்கொள்ளும் மாத்திரையாகவும் வைத்தியர்கள் அதனைக் கொடுக்கின்றனர்; ஆயின் மயிருக்கென அம்மாத்திரை முறையாக அனுமதி பெற்றதன்று. இவ்விரு மருந்துகளும் பயன்படுத்தும் காலம் வரையே பயனளிப்பவை. பினஸ்டெரைட்டினாற் சிலருக்குப் பாலியற் குறைபாடுகள் ஏற்படுகின்றன. தற்கொலை எண்ணம் அதன் பக்கவிளைவுகளுள் ஒன்றென ஐரோப்பிய மருந்து முகவரகம் 2025 இல் உறுதிப்படுத்தியது. கர்ப்பிணிகள் இதனை உட்கொள்ளலாகாது. நொறுங்கிய மாத்திரையைத் தொடுவதும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால் விலக்கப்பட்டுள்ளது.

பெண்களின் நிலை சற்று வேறுபட்டது. அவர்களுக்கு முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் நிலைத்திருக்க, நடுவகிடு அகன்றுகொண்டே செல்லும். மாதவிடாய் ஒழுங்கீனம், முகத்தில் தடித்த மயிர், பரு ஆகியவை உடனிருப்பின் சூலகத்தில் நீர்க்கட்டிகளோடு அந்திரோசன் மிகும் நிலையை ஐயுற வேண்டும். கர்ப்ப காலத்தில் ஈஸ்திரோஜன் மிகுவதால் மயிர்கள் வளர்ச்சிப் பருவத்திலேயே தங்கி, கூந்தல் அடர்த்தியாகத் தோன்றும். பிள்ளை பிறந்து இரண்டு முதல் நான்கு மாதங்களில், தங்கியிருந்தவை யாவும் ஒருங்கே ஓய்வுக்குச் சென்று உதிரும். 'பிள்ளை முகம் பார்க்கத் தொடங்க மயிர் கொட்டும்' என்ற வகையில் வீட்டுப் பெண்கள் கூறுவது காலக்கணக்கிற் சரியானது; பிள்ளையின் பார்வை காரணம் என்பது மாத்திரமே பிழை. இது சில மாதங்களில் தானாகவே சீராகும்.

இதே பொறிமுறை வேறு அதிர்ச்சிகளிலும் தொழிற்படுகின்றது. கடுங்காய்ச்சல், பெரிய சத்திரசிகிச்சை, பட்டினி, பேரிழப்பு ஆகியவற்றின் பின் இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். நெருப்புக்காய்ச்சலின் பின் மயிர் கொட்டுவதை எமது முதியோர் அறிவர். டெங்கு, சிக்குன்குனியா, கொவிட் ஆகியவற்றின் பின்பும் அது காணப்பட்டது. இடைவெளி நீண்டிருப்பதால், நோயாளி காரணத்தை மறந்து, அண்மையில் மாற்றிய சவர்க்காரத்தையோ கிணற்று நீரையோ குறைகூறுவார். திரியாய் மக்கள் 1985 ஆம் ஆண்டின் வன்செயல்களில் வீடுகளை இழந்து இடம்பெயர்ந்தவர்கள். ஊர் மீண்டும் குடியேற நெடுங்காலம் சென்றது. முகாம் வாழ்வின் பசியும் துயரும் உடலில் எழுதும் கணக்குகளுள் மயிரும் ஒன்று. அத்தகைய நாட்களில் அதனை எண்ணிப் பார்க்க எவருக்கும் ஓய்வு இராது. இரும்புச்சத்துக் குறைவு இதனுடன் சேருமாயின் மீட்சியும் தாமதமாகும். ஆகவே பரவலாக மயிர் உதிரும் பெண்ணொருவருக்கு எண்ணெய் தேடுமுன் குருதியில் இரும்புச் சேமிப்பையும் கேடயச்சுரப்பியின் தொழிற்பாட்டையும் பரிசோதிப்பதே முறை.

புழுவெட்டும் தன்னிர்ப்பீடனமும்

கேடயச்சுரப்பியைக் குறிப்பிட்டமை தற்செயலன்று. அங்கேதான் ஓமோனின் கதையும் நிர்ப்பீடனத்தின் கதையும் சந்திக்கின்றன. உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போல் ஏர்லிக் வகுத்த கொள்கையாக நிலைபெற்றிருந்தது. 1956 இல் இலண்டனில் ஐவன் ரொயிற், டெபோரா டொனியாக் முதலியோர், ஹஷிமோட்டோ நோயாளரின் குருதியில் அவர்களது கேடயச்சுரப்பிப் புரதத்துக்கே எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதைக் காட்டியபோது அக்கொள்கை தகர்ந்தது. தன்னிர்ப்பீடன நோய் என்ற கருத்து வலுப்பெற்றது அதன் பின்னரே.

எமது ஊர்களில் 'புழுவெட்டு' என்றும் 'பூச்சிவெட்டு' என்றும் வழங்கும் நோய் இவ்வகையைச் சார்ந்தது. ஒரு நாட் காலையிற் சீவும்போதோ, மயிர் வெட்டுபவர் கூறியோ, தலையில் நாணயமளவான வட்டமொன்று வெறுமையாக இருப்பது தெரியவரும். தோல் வழுவழுப்பாக இருக்கும். செதிலோ புண்ணோ நோவோ இராது. ஓரங்களிலே அடி மெலிந்து நுனி தடித்த, வியப்புக்குறி போன்ற குட்டை மயிர்கள் நிற்கும். சிலருக்கு நகங்களிலே ஊசி குத்தியது போன்ற சிறுகுழிகள் தோன்றும். கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோமானியரான செல்சஸ் இதனை விவரித்துள்ளார். எந்நாட்டிலும் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகின்றனர். பெரும்பாலோருக்கு இரண்டொரு வட்டங்களோடு நின்றுவிடும். சிலருக்கு வட்டங்கள் கூடித் தலை முழுவதும் வெறுமையாகும். மிகச் சிலருக்குப் புருவமும் இமைமயிரும் உடல்மயிரும் நீங்கும். தலையின் அரைப்பகுதி அல்லது அதற்கு மேல் இழந்த நிலையையே மருத்துவம் கடும் நோய் என வகுக்கின்றது.

புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. குமிழை நுணுக்குக்காட்டியிற் பார்ப்பின் அதனைச் சூழ்ந்து நிற்பவை எமது சொந்த நிணநீர்க்குழியங்களே. நோய்க்கூற்றியலாளர் அக்காட்சியைத் தேனீக்கூட்டத்துக்கு ஒப்பிடுவர். இயல்பாக, வளரும் மயிர்க்குமிழ் உடலின் காவலரிடமிருந்து ஒதுங்கி வாழும் சலுகை பெற்ற இடமாகும். தன் உட்பொருளைக் காவற் கலங்களுக்குக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறுகளை அது மிகக் குறைவாகவே தன் மேற்பரப்பில் வைத்திருக்கின்றது. பரம்பரையும் நாம் இன்னும் முற்றாக அறியாத தூண்டல்களும் சேர்ந்து இச்சலுகையைக் குலைக்கும்போது, கொல்லும் வகை ரீ நிணநீர்க்குழியங்கள் குமிழை அந்நியமெனக் கொள்கின்றன. அவை வெளியிடும் இன்ரபெரோன் காமா, குமிழைச் சார்ந்த கலங்களை இன்ரலூக்கின் 15 என்ற சைகைப்பொருளை வெளியிடத் தூண்டுகின்றது. அச்சைகை மேலும் நிணநீர்க்குழியங்களை அழைக்கின்றது. சக்கரம் தானே தன்னைச் சுழற்றுகின்றது. குமிழ் வளர்ச்சியை நிறுத்தி மயிரை உதறுகின்றது. ஆயினும் மூலக்கலங்களின் மேடு பெரும்பாலும் தப்பிவிடுவதால், பல்லாண்டுகளின் பின்பும் மயிர் மீளக்கூடும்.

இந்நோய் முதலிற் கறுத்த மயிரையே தெரிந்து தாக்குவது நெடுங்காலமாக அறியப்பட்டது. மெலனின் உற்பத்தியோடு தொடர்பான புரதங்களே தாக்குதலின் இலக்காகலாம் என்ற கருத்து இதனின்று எழுந்தது. கறுப்பும் நரையும் கலந்த தலையில் கறுத்தவை சில நாட்களில் உதிர்ந்து நரைத்தவை எஞ்சுமாயின், ஒருவர் ஓரிரவில் நரைத்துவிட்டார் என்றே ஊர் பேசும். பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் பற்றிய கதைக்கு இவ்விளக்கம் கூறப்படுவதுண்டு. மீண்டு முளைக்கும் மயிரும் முதலில் வெண்மையாகத் தோன்றிப் பின்னரே கறுக்கும்.

கேடயச்சுரப்பியின் தன்னிர்ப்பீடன நோய், வெண்புள்ளி நோய், கரப்பான் ஆகியவை இந்நோயாளரிடையே பொதுமக்களிலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. தாய்க்குக் கேடயச்சுரப்பி நோயும் மகளுக்குப் புழுவெட்டுமாக ஒரே குடும்பத்தில் அமைவதும் உண்டு. மனத்துயரே இந்நோயைத் தருகின்றது என்று கூறி நோயாளியையே குற்றவாளியாக்குவது தவறு. துயர் சிலரிடம் தூண்டலாக அமையலாம். ஆயின் நோயினால் விளையும் துயரே பெரிது.

இரண்டு நோய்களை இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. பள்ளிப் பிள்ளைகளின் தலையிற் செதிலும் முறிந்த மயிருமாகத் தோன்றும் வட்டம் பெரும்பாலும் பங்கசு நோயாகும். அது தொற்றும், பங்கசெதிர்ப்பு மாத்திரையால் மாறும். புழுவெட்டு தொற்றாது. இப்பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கவோ சீப்பை ஒளிக்கவோ தேவையில்லை. மற்றையது தொழுநோய். அதன் ஒரு வகையிற் புருவம் உதிர்வதால், புருவமிழந்த முகத்தைக் கண்டதும் அச்சம் எழுகின்றது. மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் தொழுநோயாளரைத் தனிமைப்படுத்தி வைத்த காலத்தின் நினைவு கிழக்கில் இன்னும் அழியவில்லை. தொழுநோயே இன்று மருந்தால் முற்றாக மாறும் நோயாயிருக்க, அதுவுமல்லாத ஒன்றைச் சுமக்கும் பெண்ணை அந்தப் பழைய அச்சத்தினால் விலக்குவது இரட்டிப்பு அநீதி.

சிகிச்சைகள்

சிறிய வட்டங்களை மாத்திரம் உடையோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு ஓராண்டுக்குள் மயிர் தானே முளைத்துவிடும். இவ்வுண்மையை அறியாதவரை எந்தச் சிகிச்சையையும் மதிப்பிட முடியாது. தாயத்துக் கட்டியவர், எண்ணெய் விற்றவர், ஆற்றுத்தும்மட்டிக் காயைத் தேய்த்தவர், ஊசி போட்டவர் ஆகிய யாவரும் இந்த அரைவாசியைத் தமது வெற்றியாகக் காட்டலாம். ஒப்பீட்டுக் குழு இல்லாத கூற்றுக்கு மதிப்பில்லை என நாம் வலியுறுத்துவது இதனாலேயே.

நாட்டு வழக்குகள் எல்லாம் வெறுமையானவை என்பதும் எமது கருத்தன்று. வெங்காயத்தை அரைத்துத் தேய்ப்பது எமது வீடுகளில் நன்கறிந்த முறை. 2002 இல் பக்தாத் வைத்தியர்கள் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். நாளுக்கு இருமுறை வெங்காயச்சாறு பூசியோருள் ஆறு வாரங்களில் 23 பேரில் 20 பேருக்கும், வெறும் நீர் பூசியோருள் 15 பேரில் இருவருக்கும் மயிர் முளைத்தது. ஆய்வு சிறிது, எரிச்சலும் மணமும் உள்ள பொருளாதலால் யார் எதைப் பூசினர் என்பதை மறைக்கவும் இயலாது. ஆயினும் காரணம் கற்பிக்க முடியாததன்று. டைபினைல்சைக்கிளோபுரொப்பினோன் என்ற வேதிப்பொருளால் தோலில் வேண்டுமென்றே மெல்லிய ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கி, நிணநீர்க்குழியங்களின் கவனத்தைக் குமிழிலிருந்து திருப்பும் முறையைத் தோல் வைத்திய நிபுணர்கள் பல தசாப்தங்களாகக் கையாள்கின்றனர். பாட்டியின் வெங்காயமும் நிபுணரின் வேதிப்பொருளும் ஒரே வாசலைத் தட்டுகின்றன எனலாம். ஆனால் தலை முழுதும் இழந்தவருக்கு வெங்காயம் போதாது.

சில வட்டங்களே உள்ள வளர்ந்தோருக்கு, நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை ட்ரையம்சினொலோன் என்ற ஸ்டீரொயிட்டைத் தோலினுள் சிறுசிறு துளிகளாக ஊசி மூலம் செலுத்துவதே இன்றும் முதற் சிகிச்சை. மலிவானது, மாவட்ட வைத்தியசாலையின் தோல் கிளினிக்கிற் செய்யத்தக்கது. பிள்ளைகளுக்கு நோவு தாங்காதாகையால் வலிய ஸ்டீரொயிட் களிம்பு பூசப்படும். நோய் விரைந்து பரவும்போது மாத்திரையாக ஸ்டீரொயிட் கொடுப்பதுண்டு. வாரத்தில் இரு நாட்கள் மாத்திரம் கொடுக்கும் முறை டில்லி வைத்தியர்களால் வளர்க்கப்பட்டு எமது பிரதேசத்தில் விரிவாகக் கையாளப்படுகின்றது. நாள்தோறும் நெடுங்காலம் உட்கொண்டால் என்புத் தேய்வு, நீரிழிவு, பிள்ளைகளில் வளர்ச்சித் தடை என விளைவுகள் பெரிது. நிறுத்தினால் மயிர் மீண்டும் உதிர்வதும் வழமை. பெயரற்ற குளிசையினால் அதிவிரைவாக மயிர் முளைக்கச் செய்வதாகக் கூறுவோரிடம், அதனுள் ஸ்டீரொயிட் உளதா என்ற கேள்வியைக் கேட்டேயாக வேண்டும்.

அண்மைய திருப்பம் அடிப்படை ஆய்விலிருந்து வந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் அஞ்செலா கிறிஸ்ரியானோ பரம்பரையியல் ஆய்வாளர். தாமே இந்நோய்க்கு ஆளானவர். அவரது குழு 2010 இல் இந்நோயோடு தொடர்புடைய பரம்பரையலகுகளை அறிவித்தது. மேலே கூறிய சைகைகள் யாவும் கலத்தினுள் ஜானஸ் கைனேஸ் என்னும் நொதியங்களின் வழியாகவே செல்கின்றன. இருபுறமும் முகமுடைய உரோமானியத் தேவனின் பெயர் அது. அந்நொதியங்களைத் தடுத்தால் எலிகளில் மயிர் மீள்வதையும், ஏற்கெனவே வேறு நோய்க்குப் பயன்பட்ட தடுப்பியொன்று மனிதரிலும் பயனளித்ததையும் 2014 இல் அவர்கள் காட்டினர். அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரெற் கிங், சொரியாசிஸுக்காக டொபாசிட்டினிப் கொடுக்கப்பட்ட, உடல்மயிர் முழுதும் இழந்த இளைஞருக்கு மயிர் முளைத்ததை வெளியிட்டார். முடக்குவாதத்துக்கென ஏலவே வழக்கிலிருந்த பாரிசிட்டினிப் 2022 யூனிலும், 12 வயதுக்கு மேற்பட்டோருக்கான ரிட்லெசிட்டினிப் 2023 யூனிலும், டியூருக்சொலிட்டினிப் 2024 யூலையிலும் கடும் புழுவெட்டுக்கென ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இம்மருந்துகளின் பயனை மிகைப்படுத்தாமற் கூற வேண்டும். 2022 இல் வெளியான பாரிசிட்டினிப் பரீட்சார்த்தங்களில் முதலாவதில், தலையின் அரைப்பகுதிக்கு மேல் இழந்தோருள், 36 வாரங்களில் நூற்றுக்கு 38.8 பேர் 4 மில்லிகிராம் அளவில் தலையின் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாது மயிர் பெற்றனர். 2 மில்லிகிராமில் அது 22.8, போலி மாத்திரையில் 6.2. அதாவது முன்னர் ஏறத்தாழ நம்பிக்கையற்றிருந்தவர்களுள் பத்தில் நால்வருக்கு மயிர் மீண்டது; பத்தில் அறுவருக்கு அந்த அளவுக்கு மீளவில்லை. பல்லாண்டுகளாக முழுமையாக இழந்தோருக்கு வாய்ப்பு இதனினும் குறைவு. மருந்தை நிறுத்திய பெரும்பாலோருக்கு மாதங்களில் நோய் திரும்பியது. கடுந்தொற்று, குருதிக் கட்டி, இதய நோய், புற்றுநோய் ஆகியவை பற்றிய எச்சரிக்கையும் இவற்றுக்கு உண்டு. முடக்குவாதமுடைய முதியோரிலே முக்கியமாகக் கண்ட அபாயம் இருபது வயது இளைஞருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது. எமது நாடுகளிலோ காசநோய் ஒளிந்திருக்கும் நுரையீரல்கள் பல. நெஞ்சுப் படமும் காசநோய்ப் பரிசோதனையும் ஈரலழற்சிப் பரிசோதனையும் இன்றி இம்மாத்திரையைத் தொடங்குவது அபாயம்.

விலையும் தூரமும்

பாரிசிட்டினிப் மயிருக்கென அனுமதி பெற்ற 2022 யூன் மாதத்திலே, அந்நியச் செலாவணி வற்றிய இலங்கையின் வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியது. மேல்நாட்டில் ஓராண்டுச் சிகிச்சையின் பட்டியல் விலை பல்லாயிரம் டொலர். விலை இயற்கை நியதியன்று என்பதற்கும் அதே மருந்தே சான்று தருகின்றது. கொவிட் உக்கிரமடைந்திருந்த 2021 மே மாதத்தில், பாரிசிட்டினிப்பைத் தயாரிக்க இந்திய மருந்து நிறுவனங்கள் பலவற்றுக்கு உரிமம் வழங்கப்பட்டது. நெருக்கடி வலிதாயின் கதவு திறக்கின்றது. டொபாசிட்டினிப்பின் இந்தியத் தயாரிப்புகளோ மூல விலையிற் சிறு பங்குக்கே கிடைக்கின்றன. அவை இந்நோய்க்கென முறையாக அனுமதிக்கப்படாதவை எனினும் வைத்தியர்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

இந்நாட்டுக்கு இது புதிய வினாவன்று. பேராதனை மருத்துவ பீடத்தோடு நெருங்கிய தொடர்புடைய மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலே, 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராக, வணிகப் பெயரை நீக்கி மருந்தின் பொதுப்பெயரால் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் முறையை நடைமுறைப்படுத்தினார். அவர் 1977 இல் கயானாவிற் காலமானார். அவர் வகுத்த தேசிய மருந்துக் கொள்கையின் சட்ட வடிவம் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமாக வர நாற்பதாண்டுகள் சென்றன. புழுவெட்டு மருந்து அக்கொள்கையின் எல்லைக்குள் வருமா? மயிர் அழகுப் பொருளென்று கருதுவோர் 'இல்லை' என்பர். நாமோ, நிணநீர்க்குழியம் மூட்டைத் தாக்கும்போது நோயென ஏற்று அதே மாத்திரையைக் கொடுக்கும் அரசு, அது மயிர்க்குமிழைத் தாக்கும்போது அலங்காரமெனத் தள்ளுவதற்கு விஞ்ஞானத்தில் இடமில்லை என்போம்.

இதற்கிடையில் திரியாய் போன்ற கிராமத்திலிருந்து வரும் ஒருவருக்குச் செய்யத்தக்கவை சிலவே. ஆயினும் அவை பெறுமதி மிக்கவை. திருகோணமலைக்குச் சென்று வரும் ஒரு நாளும் ஒரு நாட் கூலியும் இழப்பு என்பதை உணர்ந்த வைத்தியர், முதல் வருகையிலேயே கேடயச்சுரப்பிப் பரிசோதனையையும் இரும்புச் சேமிப்பையும் ஒருங்கே எழுதுவார். தழும்பு உளதா எனத் தோலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவார். ஊசிச் சிகிச்சையைத் திகதியிட்டுத் தொடர்வார். தலையின் அரைப்பகுதிக்குக் குறைவாக இழந்தவருக்கு ஆறு மாதம் ஒழுங்காக ஊசி பெற்ற பின்னரே அடுத்த படியை எண்ண வேண்டும். அதற்கு மேல் இழந்தவருக்குக் காசநோய்ப் பரிசோதனை முடித்து ஜானஸ் தடுப்பியைத் தொடங்குவதாயின், 36 வாரங்களாவது நிறுத்தாது உட்கொள்ள வழியுண்டா என்பதை முதலில் கணக்கிட வேண்டும்; இடையில் மருந்து தீர்ந்து விடுபட்டால் செலவிட்டதும் முளைத்ததும் ஒருங்கே போகும்.